கெதி அண்ணை பாம்பு பழகின கதை

கெதி அண்ணையைப் போன்ற ஓர் அவசரக்காரர் மொன்றியல் தீவில் இதுவரை குடியிருந்ததில்லை. இனிமேல் குடிவரப்போவதும் இல்லை. வேண்டுமானால் எந்தக் கோயிலுக்கும் கூட்டிப்போங்கள், கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்கிறேன். சத்தியம் செய்யும்போது அவரும் பக்கத்தில் நின்றால், கற்பூரம் கொளுத்த முன்னமே ஊதி அணைத்துவிட்டு, "சரி தங்கச்சி, முடிஞ்சுது, வா போவம்" என்று சப்பாத்தைத் தேடப் போயிருப்பார்.

அவருக்கும் தாய் தகப்பன் வைத்த நல்ல பெயர் ஒன்று இருந்தது. தபால்பெட்டியில் அது ஒட்டியும் இருந்தது. ஆனால் பியர்பொன்ட்ஸில் நாங்கள் இருந்த அந்த வரிசை வீடுகளில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது கிடையாது. "கெதியா, கெதியா" என்ற சொல்தான் எந்நேரமும் அவர் வாயில் இருக்கும். மற்ற ஊர்க்காரர் "சீக்கிரம்" என்பதை யாழ்ப்பாணத்தார் நாங்கள் அப்படித்தான் சொல்வோம். சொல்லியே பெயராகிவிட்டது. பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கும் வான் ஓட்டுவது அவருடைய தொழில். அவருக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு சுவர்தான். அந்தச் சுவரால் எனக்குக் கேட்காத சங்கதி அவர் வீட்டில் இல்லை.

பனி கொட்டி முடியும்வரை பொறுத்திருந்து வழிப்பதுதான் இந்த ஊர் வழக்கம். கெதி அண்ணை முதல் துகள் விழும்போதே பனி வாருகிற சவளோடு இறங்கிவிடுவார். வாசலில் தொடங்கி வீதிவரைக்கும் வழித்துக்கொண்டு போய்த் திரும்பிப் பார்த்தால், வாசல் பழையபடி வெள்ளையாக இருக்கும். அண்ணாந்து வானத்தைப் பார்த்து இரண்டு வார்த்தை சொல்வார். அதை இந்தப் பத்திரிகையில் போட முடியாது. ஆவணி வெயில் மண்டையைப் பிளக்கும்போதே பனிக்காலத்து டயரை மாட்டிவிடுவார். ஒருதடவை ஆஸ்பத்திரியில் இருந்த ஒரு பெரியவரைப் பார்க்கப் போனவர், மகனைத் தனியாகக் கூப்பிட்டு, "முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு எந்த மண்டபம் பாக்கிறியள்?" என்று கேட்டிருக்கிறார். அந்தப் பெரியவர் இன்றைக்கும் சுகமாக இருக்கிறார். கெதி அண்ணையோடு மட்டும் கதைப்பதில்லை.

கல்யாண வீடுகளில் பொம்பிளை மணவறைக்கு வர முன்னம் இவர் சாப்பிட்டுக் கையும் கழுவிவிடுவார். எங்கள் வீட்டுக்கு விருந்துக்குக் கூப்பிட்டாலும் இதே கூத்துத்தான். சோறு போட்டுவிட்டு, இரண்டாந்தரம் போட அகப்பையோடு குசினியில் இருந்து நான் திரும்பி வந்தால் கதிரை காலியாக இருக்கும். அத்தனை வருடத்தில் ஒருநாளாவது அவருக்கு இரண்டாந்தரம் சோறு போட எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. ஆசையாகச் சமைக்கிற எவளுக்கும் அது பெரிய மனக்குறை. "ஏன் அண்ணை உங்களுக்கு இவ்வளவு அவசரம்?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். பதில் வரும் என்று நிமிர்ந்து பார்த்தேன். வான் ஸ்டார்ட் பண்ணும் சத்தம்தான் வந்தது.

சிரித்துக்கொண்டே போகலாம்தான். ஆனால் அந்த அவசரம் ஒருநாள் அவரைச் சரியாகப் போட்டுப் பார்த்தது.

அவருக்கு ஒரே ஒரு மகள், மயூரி. பிள்ளை சின்ன வகுப்பில் படிக்கும்போதே தாய் நோயில் போய்விட்டா. அதன்பிறகு தலையிழுத்துப் பின்னி, இடியப்பம் தீத்தி, பள்ளிக்கூடத்தில் இறக்கி, எல்லாம் இந்த மனிதன்தான். பாதி வேலை ஓடுகிற வானுக்குள்ளேயே நடந்தது. பிள்ளை படித்து, டவுன்டவுன் பக்கம் ஒரு மிருக வைத்தியரிடம் உதவியாளராக வேலைக்குப் போனது. சரி, இனி அண்ணை கொஞ்சம் மூச்சு விடுவார் என்று நாங்கள் நினைத்தோம்.

எங்கள் ஆட்கள் கல்யாண மண்டபத்துக்கு அடிபடுவது உங்களுக்குத் தெரிந்ததுதான். கோடைக்காலத்து ஞாயிற்றுக்கிழமை வேண்டுமென்றால் ஒரு வருடத்துக்கு முன்னமே சொல்லிவைக்க வேணும். யாரோ ஒருவருக்கு மண்டபம் கிடைக்கவில்லை என்று கோயிலில் கேள்விப்பட்ட கெதி அண்ணை, அன்று பின்னேரமே போய் மயூரியின் கல்யாணத்துக்கு அடுத்த வருடம் ஆடி மாதத்துக்கு முந்திய ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பதிந்துவிட்டார். மணவறைக்காரருக்குச் சொல்லியாயிற்று. கேக்குக்கும் சொல்லியாயிற்று. சொல்லாத ஆட்கள் இரண்டே பேர்தான். ஒன்று மயூரி. மற்றது மாப்பிள்ளை. அவர் யாரென்று ஒருவருக்குமே தெரியாது.

பிள்ளை அதைத் தெரிந்துகொண்டது கோயில் வாசலில். "கலியாணமாமே பிள்ளை, ஒரு சொல்லுச் சொல்லேல்லை" என்று ஒரு மாமி கன்னத்தைக் கிள்ளியிருக்கிறா. அன்றைக்கு என் குசினிச் சுவர் முழுவதையும் கேட்டது.

"அப்பா, நான் ஆரைக் கட்டப்போறன்?"

"அது பேந்து பாப்பம் பிள்ளை. மண்டபம் நல்ல மண்டபம். பாக்கிங்கும் இருக்கு."

மயூரி கத்தவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. மறுநாள் இரண்டு பெட்டியோடு டவுன்டவுனில் ஓர் அறைக்குப் போய்விட்டது. இவர் சும்மா இருந்தாரா? காலையில் இருந்து இரவுவரை போன் எடுத்தபடி இருந்தார். பிள்ளை இலக்கத்தைத் தடுத்துவிட்டது. நேரே போய் அந்தக் கட்டடத்து மணியை அழுத்தியபடி நின்றார். பிள்ளை இறங்கி வரவேயில்லை. கோடை போய், பனி வந்து, பனியும் கரையத் தொடங்கியது. கெதி அண்ணை வழக்கம்போல எல்லா இடத்துக்கும் முந்திப் போனார். வீட்டுக்கு மட்டும் பிந்தி வந்தார். வந்ததும் ரீவியைச் சத்தமாகப் போடுவார். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கு அழுகை வரும்.

ஒரு சனிக்கிழமை என் கதவு இடிபட்டது.

"தங்கச்சி, பிள்ளை வந்திட்டுது! பாம்போட!"

நான் கதவைத் திறக்கும்போது அவர் திரும்பி ஓடிக்கொண்டிருந்தார்.

விஷயம் இதுதான். யாரோ வீடு மாறிப் போகிறவர், தான் வளர்த்த போவாப் பாம்பை மயூரியின் கிளினிக்கில் விட்டுவிட்டுப் போயிருக்கிறார். மலைப்பாம்புச் சாதி. விஷம் இல்லை, சுற்றி இறுக்கி இரை பிடிப்பது. மணிக்கட்டுத் தடிப்பு, மயூரியின் உயரம். பிள்ளை அதைத் தன்னோடு எடுத்துப்போக, கட்டடக்காரர் பாம்போடு இருக்கேலாது என்று சொல்லிவிட்டார். அதற்கு ஓர் இடம் வேணும். தகப்பன் வீட்டில் பேஸ்மென்ட் சும்மா கிடக்கிறது. சுருண்டு படுத்தால் பிரெஞ்சுக்காரரின் இனிப்புப் பாண் மாதிரி இருக்கிறது என்று மயூரி அதற்கு பிரியோஷ் என்று பெயர் வைத்திருந்தது.

எனக்குப் பாம்பென்றால் உயிர் போய்விடும். ஆனாலும் விடுப்புப் பார்க்கிற ஆசை யாரை விட்டது? பேஸ்மென்ட் படியின் மேல்படியில் நின்று எட்டிப் பார்த்தேன். பெரிய கண்ணாடிப் பெட்டி. ஒரு மூலையில் சூட்டு விளக்கு, மற்ற மூலை குளிர்ச்சி. இரண்டு பக்கமும் பாம்பு ஒளித்துக்கொள்ள ஒவ்வொரு குகை. நடுவில் தண்ணீர்ச் சட்டி. மயூரி தகப்பனுக்கு வகுப்பெடுத்துக்கொண்டிருந்தது.

"அப்பா, வடிவாக் கேளுங்கோ. அவனுக்கு இது புது இடம். பயத்தில இருக்கிறான். ஒரு கிழமைக்குப் பெட்டியைத் திறந்து தொடக்கூடாது. கண்ணாடியத் தட்டக்கூடாது. தண்ணி மட்டும் மாத்துங்கோ. முதல்ல அவன் சாப்பிடவேணும். ரெண்டு மூண்டு தரம் ஒழுங்காச் சாப்பிட்டாப் பிறகுதான் தூக்கிப் பழக்கிறது."

"ஒரு கிழமையோ? பின்னேரம் வரைக்கும் எண்டாப் பரவாயில்லை."

சொல்லும்போதே அவர் விரல் கண்ணாடியைத் தட்டப் போய்விட்டது.

"தூஷ் பா, அப்பா!" என்று, தொடாதே என்பதைப் பிரெஞ்சில் சொல்லிப் பிள்ளை போட்ட சத்தத்தில் நானே கையைப் பின்னுக்கு இழுத்தேன். "ஒவ்வொரு சனியும் நான் வந்து பாப்பன். சரியோ?"

பிள்ளை போனபிறகு கெதி அண்ணை என்னிடம் வந்து இரகசியம் போலச் சொன்னார். "தங்கச்சி, பாம்பு இருக்கும் மட்டும் பிள்ளை வரும். உது கனகாலம் இருக்குமாம். இருபது வருசத்துக்கு மேலயும் சீவிக்குமாம்." அந்த முகத்தைப் பார்க்க வேணுமே. மகளுக்குத் திரும்ப வர ஒரு சாட்டுக் கிடைத்துவிட்டது. அந்தச் சாட்டு இப்போது பேஸ்மென்டில் சுருண்டு படுத்திருந்தது.

ஆனால் இவர் வாய் சும்மா இருக்குமா? இரண்டு நாளுக்குள் வீதி முழுக்கத் தெரிந்துவிட்டது. புதுப்பிள்ளை பிறந்தால், புதுக்கார் வாங்கினால், வெறுங்கையோடு போய்ப் பார்க்கிற சாதியா நாங்கள்? அதுவும் பாம்பு. அதுவும் வெள்ளிக்கிழமை. பின்னேரம் பார்த்தால் கெதி அண்ணை வீட்டு வாசலில் சப்பாத்தும் செருப்பும் குவிந்து கிடக்கிறது. ஒரு மாமி பசும்பால் கொண்டுவந்தா. இன்னொரு மாமி முட்டையும் கதலி வாழைப்பழம் கிடைக்காமல் மூலைக்கடை டெப்பனரில் வாங்கிய பெரிய வாழைப்பழமும் கொண்டுவந்தா. கண்ணாடியில் குங்குமப் பொட்டு ஏறியது. ஐ.டி. வேலைக்கு வந்த சென்னைத் தம்பி ஒருவர், "அண்ணா, இது கடிக்காதுல்ல? ஒரே ஒரு செல்ஃபி எடுத்துக்கறேன்" என்று பெட்டியோடு ஒட்டி நின்றார். "நாகதம்பிரானே" என்று பால் மாமி கற்பூரத்தைக் கொளுத்த, கூரையில் இருந்த புகை மணி வீடே அதிரும்படி அலறத் தொடங்கியது.

பிரியோஷ் குகைக்குள் போனதுதான். வால் நுனிகூட வெளியே தெரியவில்லை.

மறுநாள் மயூரி, உறைபனியில் இருந்து எடுத்து வெந்நீரில் இளக்கிய எலியோடு வந்தது. நீளமான இடுக்கியால் பிடித்து ஆட்டி ஆட்டிக் காட்டியது. பாம்பு முகத்தைக்கூடத் திருப்பவில்லை. பிறகுதான் பிள்ளை குங்குமத்தைக் கண்டது. பால் கிண்ணத்தையும் கண்டது.

"அப்பா, பாம்பு பால் குடிக்காது."

"எனக்குத் தெரியும் பிள்ளை. சனத்துக்குத்தான் தெரியேல்லை."

"சனம் என்னெண்டு உள்ள வந்தது?"

கெதி அண்ணை என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"அவன் சாப்பிடாமக் கிடந்தா வருத்தம் வந்திடும் அப்பா. விளையாட்டில்லை. இனி ஒருக்கா இப்பிடி நடந்தா லவாலில என்ர சிநேகிதி ஒராள் பாம்பு வளக்கிறா, அங்க கொண்டுபோய் விட்டிடுவன்." பிள்ளை கோட்டைப் போட்டுக்கொண்டு போய்விட்டது.

அன்று பின்னேரம் கெதி அண்ணை எங்கள் குசினிக்கு வந்து கதிரையில் இருந்தார். தானாக. நான் சொல்லாமலே.

"தங்கச்சி, நீ குழந்தையள் பாக்கிற கார்டெரியில வேலை செய்யிறாய். புதுசா வாற குழந்தையளை என்னெண்டு பழக்கிறனீங்கள்?"

"முதல் நாள் தூக்கமாட்டம் அண்ணை. பக்கத்தில நிலத்தில இருந்துகொண்டு எங்கட வேலையைப் பாப்பம். அழுதாலும் போய் அமத்திப் பிடிக்கமாட்டம். பயம் போனோண்ண அதுவே வந்து மடியில ஏறும்."

"எவ்வளவு நேரத்தில?"

"சிலது ஒரு நாளில வரும். சிலதுக்கு மாசம் போகும்."

"கெதியா ஏறுறதுக்கு வழி ஒண்டும் இல்லையோ?"

"இல்லை அண்ணை."

கதிரையைப் பின்னுக்குத் தள்ளினார். பிறகு எழும்பிப் போனார். தேத்தண்ணி அப்படியே இருந்தது.

அடுத்த நாளில் இருந்து வேலை முடிந்து வந்ததும் பேஸ்மென்டுக்கு ஒரு கதிரையைக் கொண்டுபோய்ப் பெட்டிக்கு எதிரே போட்டுக்கொண்டு இருந்தார். ரீவி இல்லை, போன் இல்லை. என் பக்கச் சுவரில் அப்படி ஓர் அமைதியை நான் அதற்கு முன் கேட்டதேயில்லை. மனிதனுக்கு ஏதும் ஆகிவிட்டதோ என்று ஒருநாள் பயந்தே போய்ப் பார்த்தேன். மேல்படியில் இருந்து பார்த்தால், ஆள் அசையாமல் இருக்கிறார். வலது காலுக்குக் கீழே ஒரு தலையணை.

"கால் சும்மா இராது தங்கச்சி. தானா ஆடும். பாம்புக்குக் காதில்லையாம், நிலம் அதிர்றதுதான் விளங்குமாம். அதுதான் தலாணி வைச்சனான். கால் தன்ர பாட்டுக்கு ஆடட்டும்."

பழகிய மணம் இருந்தால் பாம்புக்குப் பயம் குறையும், அப்பா உடுத்த சட்டை ஒன்றை உள்ளே போடலாம் என்று மயூரி போனில் சொல்லியிருந்தது. ஆம், இலக்கத்தைத் திறந்துவிட்டிருந்தது, பாம்பு விஷயத்துக்கு மட்டும். இவர் போனை வைக்க முன்னமே போட்டிருந்த சட்டையைக் கழற்றிப் பெட்டிக்குள் போட்டுவிட்டார். சனிக்கிழமை வந்த பிள்ளை அதை எடுத்து மணந்து பார்த்துவிட்டு, "அப்பா, இது முழுக்க மீன்பொரியல் மணக்குது! அவன் உங்களையும் சாப்பாடெண்டு நினைக்கப்போறான்" என்று சிரித்தது. அந்த வீட்டில் மயூரி சிரித்து எவ்வளவு காலம்! கெதி அண்ணை வெறும் உடம்போடு போர்வையைச் சுற்றிக்கொண்டு, பல்லெல்லாம் தெரிய நின்றார்.

மெல்ல மெல்லப் பாம்பு வெளியே வரத் தொடங்கியது. முதலில் தலை. பிறகு கழுத்து. நாக்கை நீட்டி நீட்டிக் காற்றைத் துழாவும். கெதி அண்ணை அதை "அவர்" என்றுதான் சொல்வார். "இண்டைக்கு அவர் தண்ணிச் சட்டி வரைக்கும் வந்தவர்." "அவர் என்னைப் பாத்தவர் தங்கச்சி." வீதியில் ஒரு மனிதருக்கும் இந்த மரியாதை கிடைத்ததில்லை.

அப்படி ஒருநாள், நான் மேல்படியில் நின்றுகொண்டிருக்கும்போது, அவர் என்னைத் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

"ஊரில ஓடினனாங்கள். கொழும்பில ஓடினனாங்கள். இஞ்ச வந்தும் ஓடினன். நில்லு எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்கமாட்டன். நிண்டா ஏதோ வந்து பிடிச்சிடும் எண்ட மாதிரி. பிள்ளையையும் தூக்கிக்கொண்டு ஓடிப்போட்டன் போல."

எப்போதோ நான் கேட்ட கேள்விக்கு அன்றைக்குத்தான் பதில் வந்தது. நான் அந்த மேல்படியிலேயே குந்திவிட்டேன்.

பிரியோஷ் முதல்தடவை சாப்பிட்டது. பிறகு இன்னும் இரண்டு தரம் சாப்பிட்டது. பிறகு மயூரி தூக்கிப் பழக்கியது. கையை நன்றாகக் கழுவி, வளைந்த கம்பியால் உடம்பை மெல்லத் தொட்டு, இது சாப்பாட்டு நேரம் இல்லை என்று அதற்கு விளங்கவைத்து, தலையைப் பிடிக்காமல் நடு உடம்பைத் தாங்கி எடுக்க வேணும். இறுக்கக் கூடாது. அது போகிற பக்கம் கையைக் கொடுத்துக்கொண்டே இருக்க வேணும். கொஞ்ச நேரத்தில் திரும்பப் பெட்டிக்குள் விட்டுவிட வேணும். "சாப்பிட்டு ரெண்டு நாளைக்கு மட்டும் தொடவே கூடாது அப்பா. வயித்தில இருக்கிறதைச் சத்தி எடுத்திடும். அவங்களுக்கு அது பெரிய ஆபத்து."

எல்லாம் கேட்டார். தலையும் ஆட்டினார். ஆனால் கெதி அண்ணை கெதி அண்ணைதானே? வருகிற சனிக்கிழமை மகள் படியால் இறங்கும்போது, பாம்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்று காட்ட வேணும் என்று அவருக்கு ஓர் ஆசை. அதற்குத் தனியாகப் பழக வேணுமே. வியாழக்கிழமை சாப்பாடு கொடுத்தார். வெள்ளிக்கிழமையே தூக்கிவிட்டார்.

என் கதவு தட்டப்பட்டது. மெதுவாக. யாரோ தெரியாத ஆள் என்று நினைத்துத்தான் திறந்தேன்.

"அவர் சத்தி எடுத்திட்டார்" என்றார் கெதி அண்ணை.

என் மனிசன் பின்னால் நின்று, "அதைத் துடைச்சு எறிஞ்சுபோட்டு இருங்கோ அண்ணை. பிள்ளைக்குச் சொல்லாதேங்கோ. அதுக்கு ஆர் போய்ச் சொல்லப்போகினம்?" என்றார். எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. லவால் எனக்கும் ஞாபகம் இருந்தது.

"பிள்ளைக்குத் தெரியாட்டி அது வாற கிழமையும் சாப்பாடு குடுக்கப் பாக்கும். அவர் செத்துப்போவார்" என்றார் கெதி அண்ணை. எங்கள் வாசலில் நின்றே போனை எடுத்தார்.

"பிள்ளை, நான் பொறுக்கேலாமத் தூக்கிட்டன். அவர் சத்தி எடுத்திட்டார். பிழை என்ர. லவாலுக்குக் கொண்டுபோறதெண்டாக் கொண்டுபோ. நான் ஒண்டும் சொல்லமாட்டன்." போனை மற்றக் காதுக்கு மாற்றினார். "மண்டபமும் இப்பிடித்தான் பிள்ளை. உன்னைக் கேட்டிருக்கவேணும். பொறுக்கேலாமப் போச்சு."

மறுபக்கம் என்ன சொன்னதென்று எனக்குக் கேட்கவில்லை. அவர் "ஓம்" என்றார். பிறகும் "ஓம்" என்றார். போனை வைத்துவிட்டு, சப்பாத்தும் போடாமல், ஈரத்தில் தன் வீட்டுக்கு நடந்து போனார்.

மயூரி சனிக்கிழமைவரைக்கும் பொறுக்கவில்லை. வேலையால் நேரே பஸ் பிடித்து வந்துவிட்டது. நான் தேத்தண்ணி கொடுக்கிற சாட்டில் அங்கே போனேன். என்ன நடக்கப்போகிறதோ என்ற பயத்தில், பாம்புப் பயம் மறந்து, மூன்று படி கீழேயும் இறங்கிவிட்டேன். பிள்ளை பாம்பை வடிவாகப் பார்த்தது. வாயைப் பார்த்தது. தண்ணீரை மாற்றியது. பிறகு தகப்பன் பக்கம் திரும்பியது.

"இனி ரெண்டு கிழமைக்கு ஒண்டும் குடுக்கக்கூடாது. தொடக்கூடாது. திரும்ப முதல்ல இருந்து தொடங்கவேணும்."

"சரி."

மயூரி காத்திருந்தது. நானும் காத்திருந்தேன். "ஏன் ரெண்டு கிழமை, ஒண்டு காணாதோ" என்று அடுத்த கேள்வி வரும் என்று. வரவில்லை. கெதி அண்ணை தலையணையை எடுத்துக் காலுக்குக் கீழே வைத்துக்கொண்டு கதிரையில் இருந்தார்.

பிள்ளை கோட்டைக் கழற்றியது. "நான் இண்டைக்கு இஞ்சயே நிக்கிறன் அப்பா. ஏதும் சாப்பிட இருக்கோ?"

அந்த மனிதன் அழுதுவிடுவார் என்று நினைத்தேன். அவர் அழவில்லை. அழுதது நான்தான். தேத்தண்ணியையும் படியில் ஊற்றினேன்.

கல்யாண மண்டபத்தை அவரே போய் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தார். கோடை முழுக்க மயூரியின் வரவு கூடிக்கொண்டே போனது. நாங்கள் அந்த வருட இலையுதிர்காலம் ரொக்ஸ்பரோவில் வீடு வாங்கிக்கொண்டு போனோம். புதுவீட்டில் அடுத்த பக்கம் சுவருக்குப் பதில் வேலிதான். ஒரு சத்தமும் இல்லை. விசர் பிடித்த மாதிரி இருந்தது.

குடிபூரலுக்கு முதல் அழைப்பு கெதி அண்ணைக்குத்தான். "ஐயர் வர முன்னம் அவர் வந்திடுவார், பாலை நேரத்தோட எடுத்து வை" என்று என் மனிசன் பகிடி விட்டார். ஐயர் வந்தார். கெதி அண்ணை வரவில்லை. பால் பொங்கியது. வரவில்லை. சனம் சாப்பிட்டது, படம் எடுத்தது, போனது. போன் எடுத்தேன், பதில் இல்லை. முதலில் பயம் வந்தது. பிறகு கோபம் வந்தது. எல்லார் வீட்டுக்கும் முந்திப் போகிற மனிதனுக்கு என் வீடு மட்டும் இளக்காரமா? பாத்திரங்களை இடித்து இடித்துக் கழுவினேன். ஆனாலும் சோற்றையும் கறியையும் மூடித்தான் வைத்தேன்.

எல்லாரும் போய், வீட்டைக் கூட்டி முடிக்கிற நேரம் மணி அடித்தது. கெதி அண்ணை. வேட்டி கசங்கி, சால்வை ஒரு பக்கம் தொங்கியது.

"என்ன அண்ணை, இப்பதான் விடிஞ்சதோ?" என்றேன் வாசலை மறித்துக்கொண்டு.

"கோவிக்காதை தங்கச்சி. விடிய உடுத்து வெளிக்கிட்டு நிண்டனான். பிள்ளை கிளினிக்கில ராத்திரி வேலை முடிச்சு நேர வந்தது. அவரை எடுத்துக்கொண்டு சோபாவில வந்து எனக்குப் பக்கத்தில இருந்தது. அவர் பாதி பிள்ளையின்ர கையில, பாதி என்ர மடியில. அப்பிடியே பிள்ளை நித்திரையாப் போட்டுது. தலை என்ர தோளில. போன் அடிச்சது கேட்டது, கையை எடுக்கேலாமப் போச்சு."

"எழுப்பியிருக்கலாமே?"

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். கார்டெரியில் இவ்வளவு காலம் வேலை செய்கிற எனக்கு இதுகூட விளங்காதா என்கிற பார்வை.

"ஏன் எழுப்புவான்? ரெண்டு பேரும் தாங்களா வந்து இருந்தவை."

நான் வாசலை விட்டு விலகினேன். மயூரி காரை நிற்பாட்டிவிட்டு, கொட்டாவி விட்டபடி பின்னால் வந்துகொண்டிருந்தது. இரண்டு பேரையும் மேசையில் இருத்தி, மூடி வைத்ததைத் திறந்து சோறு போட்டேன். கறி ஆறிப்போயிருந்தது. கெதி அண்ணை அதையே பிசைந்து சாப்பிடத் தொடங்கினார்.

நான் குசினிக்குப் போனேன். கறியைச் சூடாக்கினேன். மனிசன் ஏதோ கேட்டார், அதற்கும் பதில் சொன்னேன். வேண்டுமென்றே கொஞ்சம் சுணங்கினேன். பிறகு அகப்பை நிறையச் சோற்றோடு திரும்பி வந்து பார்த்தேன். கெதி அண்ணை அங்கேயே இருந்தார்.